சோதனைப் பக்கத்துக்கு ஒரு பூட்டு: எளிய லாகின் அமைப்பது எப்படி?

ஆரோவில்லில் விருந்தினர் இல்லங்கள் பல உள்ளன. வெளிநாட்டவர் தங்கினால் அவர் பற்றிய விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படி ஓர் இல்லத்துக்காக, விருந்தினர் பதிவேட்டை வெப் அப்ளிகேஷனாக நீங்கள் தயாரிப்பதாக வைத்துக் கொள்வோம். அதில் பாஸ்போர்ட் எண், விசா எண் எல்லாம் இருக்கும். ஃபயர்வால் அனுமதித்தால், அதே வை-ஃபையில் இருக்கும் எவரும் அதைத் திறந்து பார்க்கலாம். எனவே டெஸ்ட் செய்யும்போதே பூட்டு தேவை.

இதற்குப் புரோகிராம் எழுத வேண்டாம். 1996ல் வெளியான எச்டிடிபி 1.0 விதிகளிலேயே இருக்கும் 'பேசிக் ஆதன்டிகேஷன்' போதும். எக்ஸாம்ப் தொகுப்பை சி டிரைவில் நிறுவி, அப்பாச்சி சர்வரை இயக்கியிருக்கிறீர்கள் அல்லவா? இனி கீழ்க்கண்டவற்றைச் செய்யவும். கட்டளைகளை ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும்.

1. கமாண்ட் பிராம்ப்டில், அப்பாச்சி போல்டருக்குள் இருக்கும் 'பின்' போல்டருக்குச் செல்லவும். எச்டிபாஸ்வேர்ட் (எச், டி, பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி) என்ற கட்டளை, அடுத்து மைனஸ் சி, பாஸ்வேர்ட் பைலின் முழு முகவரி, யூசர் நேம் என வரிசையாகக் கொடுத்து என்டர் தட்டவும். பாஸ்வேர்டை இருமுறை கேட்கும். இந்த பைல் 'எச்டிடாக்ஸ்' போல்டருக்கு வெளியே இருக்கட்டும்.

2. அடுத்த யூசரைச் சேர்க்கும்போது 'மைனஸ் சி' கூடாது. கொடுத்தால் பழைய பெயர்கள் அழிந்துவிடும்.

3. நோட்பேடில் நான்கு வரிகள் எழுதவும்: ஆத்டைப் பேசிக், ஆத்நேம் "டெஸ்ட்", ஆத்யூசர்ஃபைல் என எழுதி பாஸ்வேர்ட் பைலின் முகவரி, ரிக்வயர் வேலிட்-யூசர்.

4. அப்ளிகேஷன் உள்ள போல்டரிலேயே, புள்ளியில் தொடங்கும் 'எச்டிஆக்சஸ்' என்ற பெயரில் சேவ் செய்யவும். 'ஆல் ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பெயருடன் 'டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்ளும். பூட்டு வேலை செய்யாது.

இப்போது பக்கத்தைத் திறந்தால் லாகின் பெட்டி வரும். கேன்சல் செய்தால் 401 என்ற எண்ணுடன் பிழைச் செய்தி வர வேண்டும். சரியான பாஸ்வேர்டை பிரவுசர் நினைவில் வைத்திருக்கும். ஆகவே தவறான பாஸ்வேர்டைச் சோதிக்க, பிரவுசரை முழுவதும் மூடித் திறக்கவும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பாஸ்வேர்ட் 'பேஸ்64' வடிவில்தான் செல்கிறது. அது ரகசியக் குறியீடு அல்ல. வழியில் பிடிப்பவர் நொடியில் படித்துவிடலாம். எனவே உங்கள் மெயில் பாஸ்வேர்டை இங்கே தராதீர்கள். சோதனைக்குக் கற்பனை பாஸ்போர்ட் எண்களையே பயன்படுத்துங்கள். உண்மையான விருந்தினர் விவரம் ஏறும் நாளில் எச்டிடிபிஎஸ் கட்டாயம் வேண்டும்.