மாறுகண்ணை அளப்பது எப்படி?

மாறுகண் பிள்ளை வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று லயங்களில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். பெரியவங்க சொல்லை நாம் இடித்துப் பேச வரவில்லை. ஆனால் அதை நம்பிக்கொண்டு ஏழெட்டு வயது வரைக்கும் பிள்ளையை டொக்டரிடம் காட்டாமல் இருந்தால், ஒரு கண்ணின் பார்வையே குறைந்துபோகலாம். அதனால் இம்முறைப் பாடத்துக்கு மாறுகண்ணை எடுத்துக்கொண்டோம்.

நம் இரண்டு கண்களும் ஒரே பொருளைப் பார்க்கின்றன. இரண்டு படத்தையும் மூளை ஒன்றாகச் சேர்க்கிறது. ஒரு கண் திரும்பிவிட்டால் படங்கள் சேராது. சின்னப் பிள்ளையின் மூளை, திரும்பிய கண்ணின் படத்தை வேண்டாமென்று ஒதுக்கிவிடும். அப்படி வேலையில்லாமல் கிடக்கும் கண் 'சோம்பேறிக் கண்' ஆகிறது. மற்றக் கண் நன்றாகத் தெரிவதால் பிள்ளை ஒன்றும் சொல்லாது. நாம்தான் கவனிக்க வேண்டும்.

இனி அளவுக்கு வருவோம். கண் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று தெரிந்தால்தான், ஒப்பரேஷனில் கண் தசையை எத்தனை மில்லிமீற்றர் நகர்த்துவது என்று டொக்டர் முடிவெடுக்க முடியும். கண்ணாடி போட்ட பிறகு குணம் கண்டதா என்பதற்கும் முன் அளவு வேண்டும். பழைய முறை டோர்ச் வெளிச்சம். 1880களில் ஜெர்மனியின் ஹிர்ஷ்பெர்க் என்ற கண் வைத்தியர் சொன்னது. வெளிச்சம் அடித்தால் இரண்டு கருவிழியிலும் ஒரு சின்னப் புள்ளி மின்னும். நேரான கண்ணில் அது பாப்பாவின் நடுவில் இருக்கும், திரும்பிய கண்ணில் விலகி நிற்கும். ஒரு மில்லிமீற்றர் விலகினாலே கண் 7 முதல் 12 பாகை வரை திரும்பியிருக்கிறது என்று கணக்கு. இன்னும் சரியாக அளக்க, ஒரு கண்ணை மூடித் திறந்து, மற்றதற்கு முன்னால் அரியக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைப்பார்கள். பிள்ளை ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை அப்படி இருக்குமா? தாய்மாருக்குத் தெரியும்.

இங்கேதான் வீடியோ கமரா வருகிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் விட்டு, கமரா ஒரு செக்கனில் பல படங்கள் எடுக்கும். பாப்பாவின் நடுவும் மின்னும் புள்ளியும் எங்கே என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். கண்ணை மூடித் திறக்கும்போது அது எவ்வளவு அசைந்தது என்று கணக்குப் போடும். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் வைத்தியர்கள் இப்படி அளக்கும் ஒரு கமராக் கண்ணாடியைப் பற்றி 2017இல் எழுதினார்கள். அளப்பவர் மாறினாலும் அளவு அதிகம் மாறாது, படமும் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கும். ஆனாலும் அந்தக் கமரா திருப்பத்தைத்தான் அளக்கும். அந்தக் கண்ணுக்குப் பார்வை எவ்வளவு என்று சொல்லாது. 'அந்த மெஷின் வரட்டும், அப்புறம் பார்ப்போம்' என்று யாரும் இருந்துவிட வேண்டாம். டோர்ச்சும் அரியமும் போதும்.

நம் கையில் இருக்கும் கமராவுக்கும் வேலை உண்டு. சில பிள்ளைகளுக்குக் காலையில் கண் நேராக இருக்கும். பின்னேரம் களைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ ஒரு கண் வெளியே ஓடும். கிளினிக்கில் டொக்டர் பார்க்கும் நேரம் ஒன்றும் தெரியாது. அந்த மாதிரி வேளையில் போனில் சின்னதாக ஒரு வீடியோ எடுத்து வைத்துக் காட்டுங்கள். முகம் நேராக, வெளிச்சத்தில் இருக்கட்டும்.

பிறந்து ஒன்றிரண்டு மாதம் கண் அங்குமிங்கும் ஓடுவது சகஜம். நான்கு மாதம் தாண்டியும் திரும்பினால் காட்ட வேண்டும். மூக்குத்தண்டு அகலமான பிள்ளைக்கு மாறுகண் போலத் தோன்றும், அது மாறுகண் அல்ல. ஆனால் அதை டொக்டர் சொல்லட்டும். பாப்பாவில் வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கண்ணில் வரும் புற்றுநோய்க்கும் அது அடையாளம்.

தோட்ட டிஸ்பென்சரியிலோ மருத்துவமாதுவிடமோ சொல்லி, துண்டு வாங்கி, கண்டி தேசிய வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குப் போகலாம். அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் காசு கிடையாது. ஒரு நாள் பேர் போகிறது என்பது எங்களுக்கும் தெரியும். தெல்தோட்டை, கலஹா பக்கத்தவர்கள் விடிய பஸ் ஏறினாலும் திரும்பப் பின்னேரமாகிவிடும். தாயும் தகப்பனும் ஆளுக்கு ஒரு முறை மாறிப் போகும் குடும்பங்களும் இருக்கின்றன.

சோம்பேறிக் கண்ணுக்கு, தேவையானால் கண்ணாடியோடு, நல்ல கண்ணைச் சில மணி நேரம் ஒட்டி மூடுவார்கள். பல மாதம் செய்ய வேண்டும். பிள்ளை பிய்த்து எறியும், அழும். தாய் மலைக்குப் போனபின் பிள்ளைக்காம்பராவில் ஒட்டைப் பார்த்துக்கொள்வது ஆயாதான். எந்தக் கண், எத்தனை மணி நேரம் என்று ஒரு துண்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். நல்ல கண்ணுக்குத்தான் ஒட்டு.