மழைக்கால மக்ரூனும் சாக்லேட் தோய்ப்பும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிப்பதாலும், கிறிஸ்துமஸ் பலகார வேலைகள் அதே மாதங்களில் வந்து சேர்வதாலும், தூத்துக்குடி பாணி முந்திரி மக்ரூனை வீட்டில் செய்து அதன் அடியைச் சாக்லேட்டில் தோய்க்க விரும்புவோர், செய்முறைக்கு முன்னால் காற்றின் ஈரத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். அடித்து நுரையாக்கிய வெள்ளைக்கருவும் சீனியும் சேர்ந்த கலவை மெராங் எனப்படும். அதில் முந்திரித் தூளைக் கலந்து, கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் நெடுநேரம் உலர்த்தினால் கிடைப்பதே மக்ரூன். சீனி காற்றிலுள்ள நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால், வெயில் காலத்தில் மொறுமொறுப்பாக இருக்கும் பண்டம் மழை நாளில் சிறிது நேரம் திறந்து கிடந்தாலே பிசுபிசுத்துப் பல்லில் ஒட்டும். ஆகவே வானிலை அறிவிப்பைப் பார்த்து, மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் நாளைத் தேர்ந்துகொள்வதே முதல் வேலை.

நான்கு முட்டைகளின் வெள்ளைக்கருவுக்குப் பொடித்த சீனி 220 கிராமும், முந்திரி 150 கிராமும் போதும். இந்தக் காலத்தில் நமத்துப்போயிருக்கும் முந்திரியை முந்தைய நாளே நிறம் மாறாமல் வாணலியில் சூடேற்றி, நன்றாக ஆறவிட்டு, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டிக் கொரகொரப்பாகத் திரிக்க வேண்டும். தொடர்ந்து அரைத்தால் எண்ணெய் பிரியும், எண்ணெய் பட்ட நுரை அமர்ந்துவிடும். மஞ்சள் கருவின் ஒரு துளியும் எண்ணெய்ப் பிசுக்கு நீங்காத பிளாஸ்டிக் பாத்திரமும் இதே கேட்டை விளைவிப்பதால், முட்டைகளை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பிரித்த பின்பே எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் சேர்ப்பது நல்லது. குளிர்ந்த முட்டை எளிதாகப் பிரியும் என்றாலும் அறைச்சூட்டுக்கு வந்த வெள்ளைக்கருவே நன்கு பொங்கும். சில துளி எலுமிச்சைச் சாறு நுரையை நிலைநிறுத்தும்.

வெள்ளைக்கரு மென்மையாக நுரைத்து எழுந்த பிறகே சீனியைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து அடிக்க வேண்டும். கலவையில் சிறிது எடுத்து இரு விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது. கரையாமல் எஞ்சும் சீனி, சூட்டில் பாகாக உருகி மக்ரூனின் மேல் முத்து முத்தாகக் கசியும். பீட்டரைத் தூக்கும்போது முனை வளையாமல் நிற்பதே பதம். இந்தப் பதத்தில் முந்திரித் தூளைத் தூவி, அடிக்காமல், அடியிலிருந்து மேலாக மடித்துக் கலந்து உடனே பிழிய வேண்டும். காத்திருக்கும் கலவை நீர் விடும் என்பதால் ஓவனை முன்கூட்டியே சூடாக்கி வைப்பது அவசியம்.

100 முதல் 110 டிகிரி செல்சியஸ் சூட்டில், உருவின் அளவுக்கேற்ப ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வைத்து, பட்டர் பேப்பரிலிருந்து தானே கழன்று வரும்போது ஓவனை அணைத்து, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிட வேண்டும். இடையில் மின்சாரம் போனாலும் (மழைக்காலத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம்) கதவைத் திறவாமல், மின்சாரம் வந்தபின் உலர்த்தலைத் தொடரலாம்.

சாக்லேட் தோய்ப்பதை வெறும் அலங்காரமாகக் கருதுவது சரியன்று. கொழுப்பாலான அந்தப் படலம் தான் மூடும் பகுதியை ஈரத்திலிருந்து காக்கிறது. எனினும் உலராத மக்ரூனைத் தோய்த்தால் உள்ளிருக்கும் ஈரம் உள்ளேயே அடைபடும். மக்ரூனின் இனிப்பு மிகுதி என்பதால் பால் சாக்லேட்டைவிடக் கசப்புச் சுவை தூக்கலான டார்க் சாக்லேட்டே பொருந்தும். கோகோ வெண்ணெய் கொண்ட சாக்லேட்டை 45 டிகிரிக்கு உருக்கி, 27 அல்லது 28 டிகிரிக்குக் குளிர்வித்து, மீண்டும் 31 அல்லது 32 டிகிரிக்கு உயர்த்துவது டெம்பரிங் எனப்படும். கொழுப்பின் படிகங்கள் சீராக அமையும் இம்முறையைத் தவிர்த்தால் பளபளப்பு மங்கி வெண்ணிறத் திட்டுகள் தோன்றும். வெப்பமானி இல்லாதவர்களுக்குத் தாவரக் கொழுப்பு சேர்ந்த காம்பவுண்ட் சாக்லேட் போதுமானது. சுவை ஒரு படி குறையும், ஆனால் டெம்பரிங் தேவைப்படாது. எவ்வகையாயினும், வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் உருக்கும்போது ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும்.

அடிப்பகுதியில் மூன்றிலொரு பங்கை மட்டும் தோய்த்து, பட்டர் பேப்பரில் இறுக விட்டு, உடனே காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்ததும் நீர் பூத்துச் சாக்லேட்டும் மக்ரூனும் ஒருங்கே கெடும். அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்புவோர், முட்டையும் முந்திரியும் சேர்ந்திருப்பதை டப்பாவின் மேல் எழுதி ஒட்டத் தவறலாகாது.