'அபவுட்' எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?



ஒரு குழுவின் ஊக்குநர் அக்கா, கடன் கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதி வங்கிக்குக் கொண்டுபோனார். "வி டிஸ்கஸ்டு அபவுட் த லோன்" என்ற வரியைப் படித்த அலுவலர் சிரித்துவிட்டார். "இனிமே நான் எழுத மாட்டேன், வேற யாராவது எழுதட்டும்" என்று அக்கா எங்களிடம் சொல்லிவிட்டார். ஒரு சின்னச் சொல்லுக்காக ஒரு குழுவின் பேனா நின்றுபோகலாமா? கல்லூரியில் நாங்களும் இப்படித்தான் எழுதினோம். ஆகவே இந்த இதழில் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

தவறு ஏன் வருகிறது?

தமிழில் 'கடனைப் பற்றி', 'வங்கிக்கு', 'மேலாளரிடம்' என்று உருபுகள் பெயருக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் அபவுட், டு, ஃபார் என்று பெயருக்கு முன்னால் வரும். நாம் தமிழில் யோசித்து ஒவ்வொன்றுக்கும் ஈடு தேடுகிறோம். ஆனால் 'டிஸ்கஸ்' என்றாலே 'பற்றிப் பேசு' என்றுதான் அர்த்தம். அபவுட் சேர்த்தால் 'பற்றி' இரண்டு தடவை வந்துவிடும்.

சேர்க்க வேண்டாம்:
* டிஸ்கஸ் த லோன் – கடனைப் பற்றிப் பேசு
* அட்டெண்ட் த மீட்டிங் – கூட்டத்தில் கலந்துகொள்
* ஆஸ்க் த மேனேஜர் – மேலாளரிடம் கேள்

கட்டாயம் சேர்க்க வேண்டும்:
* அப்ளை ஃபார் எ லோன் – கடனுக்கு விண்ணப்பி
* வெயிட் ஃபார் த பஸ் – பஸ்ஸுக்குக் காத்திரு
* லிசன் டு த ஸ்பீச் – பேச்சைக் கவனித்துக் கேள்

ஒரு எச்சரிக்கை: வினைச்சொல் பெயர்ச்சொல்லாக மாறினால் கணக்கு மாறும். 'வி ரிக்வெஸ்ட் எ லோன்' சரி. 'எ ரிக்வெஸ்ட் ஃபார் எ லோன்' என்பதும் சரி. அதேபோல 'டிஸ்கஷன் அபவுட் த லோன்' சரிதான்.

இதற்கெல்லாம் ஒரே விதி கிடையாது. வினைச்சொல்லைப் படிக்கும்போதே அதன் துணைச்சொல்லையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு, வாரக் கூட்டத்தில் இரண்டிரண்டு சொல் எழுதி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

பயிற்சி: திருத்தி எழுதுங்கள்.
1. வி கால்டு டு த பேங்க்.
2. வி வெயிட்டட் த மேனேஜர்.

விடை: முதலாவதில் 'டு' வேண்டாம். இரண்டாவதில் 'ஃபார்' வேண்டும்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதினாலும் குறைவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் தப்பு வரும், திருத்திக்கொள்ளலாம். அந்த அக்காவின் வரியில் அடிக்க வேண்டியது ஒரே ஒரு சொல்தான். எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.