கிரோனுக்கு எண்ணத் தெரியாது

லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுவது நெடுநாள் வழக்கம். சீவிய மரத்தில் மீண்டும் பால் ஊற அவகாசம் வேண்டும். இடைவெளி விடாமல் சீவிக்கொண்டே போனால் பட்டை வறண்டு, பால் நின்றுவிடும். அதனால் காலைப் பெரட்டில் மண்டோர் ஆட்களை இன்று ஒரு காட்டுக்கும் நாளை மறு காட்டுக்கும் அனுப்புவார். நேற்று எந்தக் காடு என்பது நினைவிருந்தால் போதும். அவருக்கு நாட்காட்டி வேண்டியதில்லை.

இந்த முறையைக் கணினியிடம் ஒப்படைத்துப் பார்ப்போம். யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் ‘கிரோன்’ என்றொரு நிரல் உண்டு. 1987இல் பால் விக்ஸி வெளியிட்ட பதிப்பின் வழிவந்தவை இன்றும் பல கணினிகளில் ஓடுகின்றன. அது நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, பட்டியலில் வேளை வந்த வேலையைத் தொடங்கிவைக்கும். ஒவ்வொரு வரியிலும் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து இடங்கள். * என்றால் ‘எதுவானாலும் சரி’.

0 5 */2 * *

‘ஒருநாள் விட்டு ஒருநாள் காலை 5 மணிக்கு’ என்றுதான் இதைப் படிக்கத் தோன்றும். ஆனால் கிரோன் புரிந்துகொள்வது 1, 3, 5 என்று 31 வரையுள்ள தேதிகளை. ஜனவரி 31இல் சீவச் சொல்லும். மறுநாள் பிப்ரவரி 1, மீண்டும் சீவச் சொல்லும்! 31 நாள் கொண்ட ஏழு மாதங்களின் முடிவிலும் இதே கதை. லீப் ஆண்டில் பிப்ரவரி 29ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்டோரைப் போல் ‘நேற்று’ என்ன செய்தோம் என்று கிரோன் பார்ப்பதில்லை. கடிகாரத்தையும் தேதியையும் மட்டுமே பார்க்கிறது.

அடிக்கடி ஓடும் வேலைகளில் இது இன்னும் வம்பு. நிமிட இடத்தில் */7 என்றால் 0, 7, 14 என்று 56 வரை போகும். அடுத்தது மறுபடி 0. அங்கே இடைவெளி 4 நிமிடம்தான். வேலை முடிய 6 நிமிடம் ஆகுமானால், முதலாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது தொடங்கிவிடும். இரண்டும் ஒரே கோப்பில் எழுதினால் கணக்கு குழம்பும். */5, */10 போன்றவற்றில் இடைவெளி மாறாது. 5ம் 10ம் 60ஐ மீதியின்றி வகுக்கின்றன. ஆனாலும் வேலை இடைவெளியைவிட நீண்டுபோனால் அங்கும் மோதல்தான். அதற்கு லினக்ஸில் ‘எஃப்லாக்’ கட்டளை உண்டு: முதலில் வந்தது பூட்டுப் போட்டுவிடும், பூட்டைக் கண்டால் அடுத்தது திரும்பிப் போகும்படி செய்யலாம்.

ஒருநாள் விட்டு ஒருநாள் வேலைக்கு வழி? யூனிக்ஸ் கணினி 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளைக் கணக்கிடுகிறது. அதை 86,400ஆல் வகுத்தால் நாள் எண் கிடைக்கும். கிரோன் தினமும் எழுப்பட்டும். நாள் எண் இரட்டைப்படையானால் மட்டும் வேலையைத் தொடங்கும்படி நிரலில் எழுதிவிடலாம்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: நிமிட இடத்தில் */25 என்று எழுதினால் வேலை எந்தெந்த நிமிடங்களில் ஓடும்? இடைவெளி எங்கே சுருங்கும்?