அட்டை காட்டினால் கள்ள ஓட்டு நிற்குமா?

2025 மார்ச்சில் அமெரிக்க அதிபர் டிரம்ப் தேர்தல் விதிகளை இறுக்கி ஓர் ஆணை பிறப்பித்தார். இந்தியாவும் பிரேசிலும் வாக்காளர் அடையாளத்தை பயோமெட்ரிக் தரவோடு இணைக்கின்றன, நாமோ குடிமகன்தான் என்று அவரவர் சொல்வதை நம்பிக்கொண்டிருக்கிறோம் என்று அதன் முன்னுரையில் ஆதங்கப்பட்டிருந்தார். இங்கே ஆதாரை வாக்காளர் அட்டையோடு இணைப்பது கட்டாயமில்லை என்பது அவருக்கு யாரும் சொல்லாத செய்தி போலும். அது போகட்டும். அட்டையைக் காட்டித்தானே நாம் ஓட்டுப் போடுகிறோம், அங்கே மட்டும் ஏன் இத்தனை ரகளை என்று நம்மில் பலருக்குத் தோன்றும். இரு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு நம்பிக்கையை இறுகப் பிடித்திருப்பதுதான் காரணம். கணக்கை எடுத்து வைத்தால் இரண்டும் நிற்பதில்லை.

நம்பிக்கை: ஓட்டுச்சாவடிகளில் ஆள்மாறாட்டம் மலிந்து கிடக்கிறது

குடியரசுக் கட்சியினரிடம் ஊறிப்போன நம்பிக்கை இது. 2016 தேர்தலில் 30 லட்சம் முதல் 50 லட்சம் வரை சட்டவிரோத வாக்குகள் விழுந்தன என்றார் டிரம்ப். அதை ஆராயத் துணை அதிபர் மைக் பென்ஸ் தலைமையில் 2017 மே மாதம் ஓர் ஆணையம் போட்டார். எதையும் கண்டுபிடிக்காமலே 2018 ஜனவரியில் அது கலைக்கப்பட்டது.

லயோலா சட்டக் கல்லூரிப் பேராசிரியர் ஜஸ்டின் லெவிட் 2000 முதல் 2014 வரையிலான தேர்தல்களைச் சலித்தார். நூறு கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளில் ஆள்மாறாட்டம் என்று நம்பத்தகுந்த புகார்கள் 31தான் தேறின. டெக்சாஸ் 2011ல் கடுமையான அடையாளச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டில் அங்கே விழுந்த 2 கோடி வாக்குகளில் இந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் இரண்டே பேர்.

அமெரிக்கர்கள் நம்மைவிட யோக்கியர்கள் என்று இதற்குப் பொருளில்லை. கட்டுப்படியாகாத குற்றம் இது. பிறர் பெயரில் நூறு ஓட்டுப் போட நூறு தடவை ஆள் வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிடிபட வாய்ப்பு உண்டு. பிடிபட்டால் ஐந்தாண்டு வரை சிறை.

நம்பிக்கை: அப்படியானால் மோசடி என்பதே கட்டுக்கதை

ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஆள்மாறாட்டம் அரிது என்பதிலிருந்து எல்லா மோசடியும் அரிது என்று தாவிவிடுகிறார்கள்.

வட கரோலினாவின் 9ஆவது நாடாளுமன்றத் தொகுதியில் 2018ல் நடந்ததைப் பார்க்கலாம். குடியரசுக் கட்சியின் மார்க் ஹாரிஸ் 905 வாக்கு வித்தியாசத்தில் முன்னிலை. அவருக்காகத் தபால் ஓட்டு வேலை பார்த்தவர் பிளேடன் கவுண்டியைச் சேர்ந்த மெக்ரே டவ்லஸ். கூலிக்கு ஆள் வைத்து வீடு வீடாக அனுப்பி, நிரப்பியதும் நிரப்பாததுமாகத் தபால் ஓட்டுகளை வாங்கி வரச் செய்தார். விசாரணையில் அவருக்காக வேலை செய்த ஒருவர் நுணுக்கங்களைச் சொன்னார். சாட்சிக் கையெழுத்தையும் வாக்காளர் பயன்படுத்திய அதே நிற மையில் போட வேண்டும். உறைகளை மொத்தமாக அனுப்பாமல் சில சிலவாக, வாக்காளர் வீட்டுக்குப் பக்கத்துத் தபால் நிலையத்தில் சேர்க்க வேண்டும். தபால்தலையைத் தலைகீழாக ஒட்டிவிடக் கூடாது. வேட்பாளரின் சொந்த மகனே, மத்திய அரசு வழக்கறிஞர், அந்த ஆளை நம்ப வேண்டாம் என்று அப்பாவை முன்கூட்டியே எச்சரித்ததாகச் சாட்சி சொன்னார். 2019 பிப்ரவரியில் மாநிலத் தேர்தல் வாரியம் மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 2018 நவம்பர் நாளில் வட கரோலினா மக்கள் சாவடியில் புகைப்பட அட்டை கேட்கும் சட்டத் திருத்தத்துக்கும் ஆதரவாக வாக்களித்தார்கள். வாசலுக்குப் பூட்டு வாங்கிய அன்றைக்கே கொல்லைப்புறம் வழியாகத் திருட்டுப் போனது.

இது ஒரு கட்சியின் வியாதி அல்ல. கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட் நகரில் 2023ல் மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி உட்தேர்தலையே நீதிபதி ரத்து செய்தார். சாலையோரத் தபால் ஓட்டுப் பெட்டியில் கட்டுக்கட்டாகக் காகிதம் திணிக்கப்படுவது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. இரண்டு இடங்களிலும் ஆட்டம் நூற்றுக்கணக்கான ஓட்டுகளில்தான். அதற்கே பிடிபட்டார்கள். ஒரு மாநிலத்தையே புரட்டும் அளவு மோசடியை ஒளித்துவைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு 2020ன் ஜார்ஜியா உதாரணம். இறந்துபோன சுமார் 5,000 பேர் ஓட்டுப் போட்டதாக டிரம்ப் சொன்னார். மாநில விசாரணையில் கிடைத்தவை 4. நான்கும் குடும்பத்தார் அனுப்பியவை.

நம்பிக்கை: குடியுரிமை இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் வாக்களிக்கிறார்கள்

அங்கே எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இதற்கான பதில் தெரிந்திருக்கும். மத்தியத் தேர்தலில் அவர்கள் ஓட்டுப் போட்டால் சிறை, அதற்கு மேல் நாடுகடத்தல். ஒரு ஓட்டுக்காகப் பத்து வருடக் காத்திருப்பை யார் பணயம் வைப்பார்கள்? 2024ல் ஜார்ஜியா தன் 82 லட்சம் பெயர் கொண்ட பட்டியலை அலசியபோது குடியுரிமை இல்லாத பெயர்கள் 20 கிடைத்தன.

நம்பிக்கை: அடையாளச் சட்டங்கள் கறுப்பின மக்களின் வாக்குகளைக் கொத்தாகப் பறிக்கின்றன

ஜனநாயகக் கட்சி மேடைகளில் அடிக்கடி ஒலிப்பது இது. இந்தச் சட்டங்களால் சிறுபான்மையினரின் வாக்குப்பதிவு சரிகிறது என்று 2017ல் ஓர் ஆய்வு சொன்னது, பத்திரிகைகள் தலைப்பாக்கின. வேறு ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி சோதித்தபோது முடிவு நிற்கவில்லை. பிறகு 2008 முதல் 2018 வரையிலான நாடு தழுவிய வாக்காளர் பட்டியல்களை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் என்ரிகோ கான்டோனியும் வின்சென்ட் போன்ஸும் செய்த ஆய்வு 2021ல் வெளிவந்தது. கடும் அடையாளச் சட்டங்களால் எந்த இனத்தாரின் வாக்குப்பதிவும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்றது. மோசடி குறைந்ததற்கும் அதில் அடையாளமில்லை. இரண்டு தரப்புக்கும் பிடிக்காத ஆய்வு என்பதாலேயே எனக்கு அதன்மேல் மரியாதை.

சராசரியில் தெரியாத கஷ்டம் தனி ஆளுக்கு இல்லையென்று ஆகிவிடாது. இண்டியானாவின் புகைப்பட அட்டைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2008 ஏப்ரல் 28 அன்று 6-3 என ஏற்றது. அந்த மாநிலத்தில் சாவடி ஆள்மாறாட்டம் நடந்ததற்கு ஒரு சான்றும் வழக்கில் இல்லை என்று தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது; உதாரணம் தேடி நீதிபதி ஸ்டீவன்ஸ் 1868ன் நியூயார்க் வரை போனார். தீர்ப்பு வந்த எட்டாம் நாள் இண்டியானாவில் உட்தேர்தல். சவுத் பெண்ட் ஊரின் கன்னியர் மடத்துச் சாவடிக்கு வந்த சுமார் 12 கன்னியாஸ்திரிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எல்லாரும் எண்பது, தொண்ணூறு வயதைத் தொட்டவர்கள். கார் ஓட்டி எத்தனையோ காலம் ஆயிற்று, ஓட்டுநர் உரிமம் இல்லை. அவர்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்த தேர்தல் ஊழியரும் அதே மடத்துச் சகோதரிதான். ஒவ்வொருவரையும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வருகிறார், அட்டை இல்லாவிட்டால் ஆதார், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக் என்று மாற்று ஆவணங்கள் உண்டு. அமெரிக்காவில் தேசிய அடையாள அட்டையே கிடையாது, ஆவணத்தைத் தேடிப் போக வேண்டியது வாக்காளர். எந்த ஆவணம் செல்லும் என்பதிலும் அரசியல் புகும். டெக்சாஸின் 2011 சட்டத்தில் துப்பாக்கி உரிமம் செல்லும், மாணவர் அட்டை செல்லாது.

உண்மையில் அடி விழும் இடம் வேறு. பெயர் சேர்க்கும்போதே குடியுரிமைக்கு ஆவணம் கேட்பது சாவடியில் அட்டை கேட்பதைப் போல் அல்ல. கான்சாஸ் அதைச் செய்து பார்த்தது. பிறப்புச் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ கையில் இல்லாததால் சுமார் 31,000 பேரின் விண்ணப்பம் முடங்கியது; அவர்களில் மிகப் பெரும்பாலோர் குடிமக்களே. 2018ல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. டிரம்பின் 2025 ஆணையும் கேட்டது இந்தக் குடியுரிமை ஆவணத்தைத்தான். எந்தக் காகிதம், எந்தக் கட்டத்தில் என்று பிரித்துப் பார்க்காமல் இரு தரப்பும் எல்லாவற்றையும் ‘வாக்காளர் அடையாளம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகின்றன.

நம்பிக்கை: அட்டையைக் கட்டாயமாக்கினால் மக்களுக்குத் தேர்தல்மேல் நம்பிக்கை வந்துவிடும்

சாவடியில் புகைப்பட அட்டை வேண்டும் என்பதில் அமெரிக்கர்களிடம் பெரிய சண்டையே இல்லை. காலப் நிறுவனம் 2024ல் கேட்டபோது 84% பேர் ஆதரித்தார்கள், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் இரண்டு பங்கும் அதில் அடக்கம். ஆனால் கான்டோனியும் போன்ஸும் மோசடி பற்றிய மக்களின் எண்ணத்தையும் சோதித்திருந்தார்கள். சட்டம் வந்த மாநிலங்களில் அந்தச் சந்தேகம் தணியவில்லை.

சந்தேகம் எதனால் தணிகிறது என்பதற்குப் பியூ ஆய்வு மையத்தின் எண்கள் உள்ளன. நாட்டில் தேர்தல் நன்றாக நடந்தது என்று 2020ல் சொன்ன டிரம்ப் வாக்காளர்கள் 21%. 2024ல் அதே கேள்விக்கு ஆம் என்றவர்கள் 93%. எதிர்த்தரப்பில் பைடனுக்கு வாக்களித்தவர்களில் 94% ஆக இருந்தது, கமலா ஹாரிஸுக்கு வாக்களித்தவர்களில் 84% ஆக இறங்கியது. இடைப்பட்ட நான்கு வருடத்தில் பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டு எண்ணும் முறை ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது.