தீ தெரியாத அடுப்பு

எரியும் அடுப்பைக் கண்டால் குழந்தையும் விலகி நிற்கும். நெருப்பே எச்சரிக்கை கூறிவிடுகிறது. இன்று நம் இல்லங்களில் இடம்பெற்றுவரும் இண்டக்‌ஷன் அடுப்பிலோ சுடரும் இல்லை, புகையும் இல்லை. ஆகவே அபாயமும் இல்லையென அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். அபாயம் நீங்கிவிடவில்லை, அடுப்பை விட்டுச் சுவரிலுள்ள பிளக்கிற்கு இடம் மாறியிருக்கிறது.

பாரிவாக்கத்தில் அங்கத்தினர் ஒருவரின் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தபொழுது, இவ்வடுப்பைச் செருகியிருந்த பிளக் துளை பழுப்பேறி இளகியிருக்கக் கண்டோம். மிக்ஸிக்கு இத்தனை ஆண்டுகளாக அதே துளைதான் பயன்பட்டதென அவ்வீட்டு அம்மையார் கூறினார். அது உண்மையே. ஆனால் சாதாரண மிக்ஸி சுமார் 500 வாட் மின்சக்தியே கொள்ளும். அதுவும் சில நிமிஷங்களுக்குத்தான். இண்டக்‌ஷன் அடுப்போ 2000 வாட் வரை கொள்ளும். அரை மணி, ஒரு மணி தொடர்ந்து எரியும். 230 வோல்ட் மின்சாரத்தில் இது ஏறக்குறைய 9 ஆம்பியர் ஆகிறது. சிறிய பிளக் துளை தாங்குவதோ 6 ஆம்பியர்தான். ஆதலின் இவ்வடுப்பிற்குத் தடித்த தாமிரக் கம்பியும் எர்த்தும் உள்ள 16 ஆம்பியர் பிளக் தனியே வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுதல் அறவே கூடாது. சிறு மின்கசிவையும் உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் உயிர்காப்புக் கருவியை மெயினில் பொருத்துதலும் நலம்.

அடுப்பு வேலை செய்யும் விதத்தை அறிந்தால், பேணும் முறை தானே விளங்கும். கண்ணாடிப் பலகையின் கீழே கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் மின்னோட்டம் வினாடிக்கு 20,000 தடவைக்கு மேல் மாறி மாறி ஓடுகிறது. அதனால் எழும் காந்தசக்தி, பாத்திரத்தின் அடியிலுள்ள இரும்பில் மின்னோட்டத்தைத் தூண்டிப் பாத்திரத்தையே சூடாக்குகிறது. இத்தத்துவத்தை மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்தார். வெப்பம் வீணாகப் பரவாததால், ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 0.1 யூனிட் மின்சாரம் போதும்.

பாத்திரத்தின் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். அது ஒட்டினால் பாத்திரம் உதவும். வெறும் அலுமினியம், செம்பு, மண் பாத்திரங்கள் உதவா. அடி தட்டையாக இருத்தல் அவசியம். பாத்திரத்தை எடுத்த பின்னரும் கண்ணாடி சுடும், குழந்தைகளை அண்டவிடலாகாது. சிறிதளவு எண்ணெயை முழு வேகத்தில் வைத்துவிட்டு அகலுதல் தகாது. எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றக் கூடாது. சுவிட்சை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடுக.

கண்ணாடியில் கீறல் விட்டிருந்தால் அன்றே உபயோகத்தை நிறுத்துக. அதன் வழியே கசியும் நீர் உள்ளிருக்கும் மின்கம்பியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. துடைக்கும்பொழுது பிளக்கைக் கழற்றி, சூடு ஆறிய பின் ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். ஆனால் சமையல் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்க வேண்டாம். உள்ளிருக்கும் விசிறி நிற்கும்வரை பொறுத்திருங்கள்.

தறியுள்ள வீட்டினர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். காற்றில் பறக்கும் பஞ்சுத் துகளும் நூல் பிசிறும் விசிறித் துளைகளை அடைத்துவிடும். அடுப்பு உட்புறம் சூடேறிப் பழுதாகும். அவ்வப்பொழுது உலர்ந்த தூரிகையால் துகளை நீக்குக. பிளக்கின் அருகே நூற்கட்டுகளை அடுக்காதீர்கள். ஒரு பொறி போதும், பல நாள் உழைப்பு சாம்பலாகிவிடும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி பொருத்தப்பெற்றோர், எரியும் அடுப்பிலிருந்து கருவி 60 சென்டிமீட்டருக்குக் குறையாத தொலைவில் இருக்குமாறு நிற்பது நன்று, மருத்துவரையும் கலந்துகொள்க.

பழைய வீடுகளின் கம்பிகளைப் பரிசோதிக்கச் செலவாகுமே என்று சிலர் தயங்கலாம். ஒரே தெருவிலுள்ள அங்கத்தினர் பத்துப் பேர் சேர்ந்து, உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை ஒரே நாளில் அழைத்தால், தலைக்கு விழும் கூலி குறையும். நூலைச் சேர்ந்து வாங்கவும் விளைபொருளைச் சேர்ந்து விற்கவும் கற்ற நாம், வீட்டையும் சேர்ந்தே காப்போமாக. அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்று சமையல் முடிந்தவுடன் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாராக. அது சுடுமாயின், மறுவேளை சமையலுக்கு அதனை உபயோகியாதிருத்தல் வேண்டும்.