அடுக்கின் தலைவி யார்?

நம் பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தின் மூலையில், பூட்டிய இரும்புக் கூண்டுக்குள் மூன்று தட்டையான பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். இவற்றின் பெயர் ஸ்விட்ச். விளக்குப் போடும் ஸ்விட்ச் அன்று; ஒரு கணிப்பொறியிலிருந்து வரும் செய்தி யாருக்கென்று பார்த்து, உரிய கணிப்பொறிக்கு அனுப்பும் கருவி. மூன்றையும் பின்புறம் தனிக் கேபிள்களால் வளையமாக இணைத்தால், அவை ஒரே ஸ்விட்சைப் போல வேலை செய்யும். இதையே ஸ்டாக், அதாவது அடுக்கு என்கிறோம்.

அடுக்குக்கு ஒரு தலைமைப் பெட்டி வேண்டும். எந்த போர்ட் அலுவலகத்துக்கு, எது மாணவியருக்கு என்ற ஏற்பாடுகளை அதுவே வைத்துக்கொண்டு மற்றவற்றை நடத்துகிறது.

தலைமைப் பெட்டி எது என்று நாங்கள் யோசித்ததே இல்லை, சென்ற ஆண்டு வரை. அப்போது நடுப்பெட்டி பழுதாயிற்று. வேறு கட்டடத்தில் கிடந்த பழைய பெட்டி ஒன்றைக் கொணர்ந்து, மின்சாரம் ஓடும்போதே கேபிளைச் செருகினோம். சில நிமிடங்களில் அலுவலகத்திலிருந்து குரல்: "சிஸ்டர், மார்க் ஏற்றவே முடியவில்லை!" மதிப்பெண் பதிவுக்கு அன்றே கடைசி நாள்.

நடந்தது இதுதான். தனியாக ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டி தனக்குத் தானே தலைவி. எங்கள் அடுக்கிலும் ஒரு தலைவி உண்டு. இருவரும் சந்தித்ததும் தேர்தல் நடந்தது, பழையது வென்றது. தோற்ற பெட்டிகள் அணைந்து எழுந்து, அதன் ஏற்பாடுகளை ஏற்றுக்கொண்டன. எங்கள் ஏற்பாடுகளின் நகல் ஒன்று பத்திரமாக இருந்ததால் மாலைக்குள் மீண்டோம்.

அந்தத் தேர்தலின் விதியை அறிய, சிஸ்கோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் 9300 வகையைப் பார்ப்போம். அடுக்கில் 8 பெட்டிகள் வரை சேரலாம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 15 வரை முன்னுரிமை எண் உண்டு. பெரிய எண்ணே வெல்லும். ஆனால் புதிதாக வரும்போது எல்லாவற்றுக்கும் எண் 1தான். எண்கள் சமமானால், எது முந்தி எழுந்தது, எதன் மேக் முகவரி சிறியது என்பன போன்றவை முடிவு செய்யும். மேக் முகவரி என்பது தொழிற்சாலையில் இடப்படும் 12 இலக்க அடையாளம். வருகைப் பதிவேட்டில் பெயர் முதலில் இருப்பதால் ஒருத்தியை வகுப்புத் தலைவியாக்குவது போன்றது இது! பழைய பெட்டிக்குச் சிறிய முகவரி இருப்பதும் அரிதன்று.

ஆகவே எண்ணை நாமே இட வேண்டும். தலைமைக்குரிய பெட்டிக்கு 'ஸ்விட்ச் 1 பிரையாரிட்டி 15' என்று கட்டளை இடுகிறோம். அடுத்ததற்கு 14, தலைமை விழுந்தால் ஏற்க அது ஆயத்தமாக நிற்கும். பதவியிலிருக்கும் தலைவி உடனே இறங்கமாட்டாள் என்பதைப் பலர் மறக்கிறார்கள். அடுக்கை முழுவதும் அணைத்து எழுப்பினால்தான் புதிய எண் பலிக்கும். அதைப் பள்ளி விட்ட பிறகு செய்வதே நலம். பின்பு 'ஷோ ஸ்விட்ச்' என்று கேட்டால், ஆக்டிவ் யார், ஸ்டாண்ட்பை யார் என்று பட்டியல் வரும். புதுப் பெட்டியைச் சேர்க்கும்போது, கேபிள் செருகிய பிறகே அதற்கு மின்சாரம் தர வேண்டும். அப்படி வருவது உறுப்பினராகவே சேரும். நடக்கும் தலைமையைப் பறிக்காது.

அந்தப் பழைய பெட்டி இன்றும் எங்கள் அடுக்கில்தான் இருக்கிறது, மூன்றாம் இடத்தில், முன்னுரிமை 1 உடன். கூண்டின் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம்: "முதலில் கேபிள், பிறகு மின்சாரம்."